ஃபார்மட்டுக்கு முன்னால்: பழுதான சிஸ்டம் கோப்புகளை வீட்டிலேயே சரிசெய்வது

கணினி திறக்கவில்லை என்றதும் கெலமங்கலத்திலும் ஓசூரிலும் முதலில் காதில் விழும் வைத்தியம் ஃபார்மட். "ஆன் ஆகுதுண்ணா, லோகோ வந்து சுத்திக்கிட்டே நிக்குது" என்று கடையில் சொன்னால், "விண்டோஸ் போயிருக்கும் தம்பி, ஃபார்மட் போட்டு ஏத்திரலாம். டேட்டா ஏதாச்சும் வேணுமா?" என்று பதில் வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஒரே கணினியைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பழுது தேடுவதைவிடப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது அவருக்குச் சீக்கிரம் முடிகிற வேலை. ஆனால் போகிறபோக்கில் கேட்கப்படும் அந்தக் கடைசிக் கேள்விக்குள் பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் ஸ்கேன், கல்யாணப் புகைப்படங்கள், ஆதார் நகல், கடைக் கணக்கு எல்லாம் அடங்கியிருக்கின்றன.

கெலமங்கலத்தில் வசிப்பவருக்கு இதில் அலைச்சலும் சேர்கிறது. ஓசூர் சுமார் 20 கிலோமீட்டர். உதிரிப் பாகம் தேடி அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போகிறவர்களும் உண்டு. ஷிப்டு வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். பழுது கோப்பில்தான், டிஸ்க்கில் இல்லை என்றால், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் இலவசக் கருவிகளை வைத்து வீட்டு மேசையிலேயே அதைச் சரிசெய்துவிட முடியும்.

அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், ஆனால் வரிசை தவறக் கூடாது. முதலில் சொந்தக் கோப்புகள், அடுத்து டிஸ்க், அதற்கும் அடுத்துதான் விண்டோஸ். இந்த அத்தியாயம் அந்த வரிசையில்தான் போகிறது. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

எது பழுதாகிறது, ஏன்?

சி டிரைவில் விண்டோஸ் என்ற ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கின்றன. திரையை வரைய ஒன்று, பிரிண்டரோடு பேச ஒன்று, கடவுச்சொல்லைச் சரிபார்க்க ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேலை. இவற்றில் ஒன்றின் உள்ளே சில பைட்டுகள் மாறிப்போனாலும் அதை நம்பியிருக்கும் பகுதி முடங்கும். முக்கியமான கோப்பாக இருந்தால் கணினியே எழுந்திருக்காது.

மைக்ரோசாஃப்ட் இதை முன்பே எதிர்பார்த்திருக்கிறது. விண்டோஸ் 2000இல் சிஸ்டம் கோப்புகளுக்கு ஒரு காவல் ஏற்பாடு வந்தது. 2007இல் வெளியான விஸ்டாவில் அது விண்டோஸ் ரிசோர்ஸ் புரொடெக்‌ஷன் என்ற பெயரில் வலுவானது. அதோடு, விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்-எஸ்எக்ஸ்எஸ் என்ற இன்னொரு ஃபோல்டரில் நல்ல பிரதிகளின் கையிருப்பு ஒன்று எப்போதும் வைக்கப்படுகிறது. சிஸ்டம் ஃபைல் செக்கர் என்ற கருவி, காவலில் உள்ள சிஸ்டம் கோப்பு ஒவ்வொன்றையும் பரிசோதித்து, கெட்டுப்போனதை எடுத்துவிட்டு இந்தக் கையிருப்பிலிருந்து நல்லதை வைக்கும்.

கையிருப்பே கெட்டுப்போனால்? விதைக்கென்று எடுத்து வைத்த ராகியில் பூச்சி விழுந்திருந்தால், வயலில் இறங்கும் முன் வெளியிலிருந்து நல்ல விதை வாங்கி வர வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிஸ்ம் என்ற இன்னொரு கருவி. கையிருப்பைப் பரிசோதித்து, கெட்ட பகுதியை மைக்ரோசாஃப்டின் சர்வரிலிருந்து இறக்கி நிரப்பும். இதனால்தான் டிஸ்ம் முதலில், ஃபைல் செக்கர் அடுத்து.

கோப்புகள் தானாகக் கெடுவதில்லை. நம் ஊர்ப் பக்கம் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். ஏப்ரல், மே மாதக் கோடை மழை இடி மின்னலோடு இறங்கும்போது மின்சாரம் போய்ப் போய் வரும். துணை மின்நிலையப் பராமரிப்புக்கு அறிவித்துவிட்டுச் செய்யும் மின்தடைக்குத் தயாராக இருக்கலாம், இதற்கு முடியாது. விண்டோஸ் எதையும் உடனுக்குடன் டிஸ்க்கில் எழுதிவிடுவதில்லை. கொஞ்சத்தை மெமரியில் வைத்திருந்து பிறகு எழுதும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும். என்டிஎஃப்எஸ் கோப்பு முறைக்கு ஒரு பதிவேடு உண்டு. ஆனால் அது ஃபோல்டர் கட்டமைப்பைத்தான் காப்பாற்றும், கோப்புக்குள் இருக்கும் தகவலை அல்ல. அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

மற்ற காரணங்கள் நான்கு: தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க், பழுதான ரேம், வைரஸ், காசில்லாமல் விண்டோஸைத் திறப்பதற்குப் போடும் ஆக்டிவேட்டர். கடைசியாகச் சொன்னது சிஸ்டம் கோப்புகளை வேண்டுமென்றே மாற்றுகிறது. பல சமயம் வைரஸையும் கூட்டி வருகிறது.

அறிகுறிகள்

ஸ்டார்ட் மெனு திறக்காது. செட்டிங்ஸ் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். அப்டேட் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்று பழைய நிலைக்குத் திரும்பும். ஏதாவது ஒரு டிஎல்எல் கோப்பைக் காணவில்லை என்று செய்தி வரும். திடீரென்று நீலத்திரை வந்து கணினி ரீஸ்டார்ட் ஆகும். அண்மைக்கால விண்டோஸ் 11இல் அந்தத் திரை கருப்பு நிறத்தில் வருகிறது.

அப்டேட் தோற்கும்போது காட்டும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்க வேண்டும். 80073712 என்று முடிந்தால், கையிருப்பு கெட்டிருக்கிறது என்று விண்டோஸே ஒப்புக்கொள்கிறது என்று பொருள். 800எஃப்081எஃப் என்று முடிந்தால், பழுதுபார்க்கத் தேவையான மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள்.

ஓர் எளிய சோதனையை முதலில் செய்துவிடலாம். விண்டோஸ் 8 தொடங்கி, ஷட்டவுன் கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி விண்டோஸின் மையப் பகுதியை டிஸ்க்கில் அப்படியே உறைய வைத்து, மறுநாள் அதையே எடுத்து எழுப்பும். நேற்றைய கோளாறும் அதோடு எழுந்துவிடும். எனவே ஷட்டவுன் செய்து திறந்து பார்ப்பதற்குப் பதில், ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும். சில சில்லறைக் கோளாறுகள் அதிலேயே தீர்ந்துவிடும்.

படி 1: சொந்தக் கோப்புகளை வெளியே எடுப்பது

கணினி தட்டுத் தடுமாறியாவது திறக்கிறது என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ காப்பி எடுக்க வேண்டும். டாலி வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரையும் சேர்த்து எடுக்க வேண்டும். காப்பி ஆகிவிட்டது என்று நம்பினால் போதாது. பென் டிரைவை வேறொரு கணினியில் செருகி, இரண்டு மூன்று படங்களையாவது திறந்து பார்ப்பது அவசியம்.

கணினி திறக்கவே இல்லையா? அப்போதும் வழியுண்டு. வேறொரு கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பழுதான கணினியைத் திறக்கலாம். எதையும் நிறுவ வேண்டியதில்லை. "நிறுவாமல் பயன்படுத்திப் பார்" என்ற பொருளில் வரும் வாய்ப்பைத் தேர்ந்தால் போதும். உள்ளே சி டிரைவ் ஒரு ஃபோல்டர்போலத் தெரியும். தேவையானதை இன்னொரு டிஸ்க்குக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்குத் தடையாக ஒன்று நிற்கலாம்: பிட்லாக்கர் குறியாக்கம். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அதன் மீட்புச் சாவி 48 இலக்கம் கொண்டது. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சாவி இல்லாவிட்டால் எந்த சர்வீஸ் கடையாலும் அந்த டிஸ்க்கைத் திறக்க முடியாது.

படி 2: டிஸ்க்கைப் பார்ப்பது

சாகப்போகும் டிஸ்க்கின் மேல் சிஸ்டம் கோப்புகளைச் சரிசெய்து பயனில்லை. இன்றைக்குச் சரிசெய்த கோப்பு நாளைக்கு மறுபடி கெடும். அதோடு, பழுதுபார்க்கும் வேலையே டிஸ்க்கை நீண்ட நேரம் ஓட வைத்து அதன் ஆயுளைக் குறைத்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் தங்கள் உடல்நிலையைத் தாங்களே பதிவு செய்கின்றன. அந்தப் பதிவுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். நீல நிறம் என்றால் நலம். மஞ்சள் எச்சரிக்கை. சிவப்பு என்றால் டிஸ்க்கை மாற்றியே ஆக வேண்டும். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் பழுதுபார்ப்பை அங்கேயே நிறுத்தி, மிச்சமிருக்கும் டேட்டாவை வெளியே எடுத்துவிட்டுப் புதிய எஸ்எஸ்டி வாங்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் சோதனை ஓட்டுவதுகூட வேண்டாம்.

நிறம் நீலமாக இருந்தால் அடுத்தது கோப்பு அமைப்பின் சோதனை. திஸ் பிசி என்பதைத் திறந்து, சி டிரைவின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அதில் டூல்ஸ், அதில் செக். பிழை எதுவும் இல்லை என்று சொன்னாலும் ஸ்கேன் டிரைவ் கொடுத்து ஒருமுறை ஓட்டிவிடலாம். பிழை கண்டுபிடித்தால், அடுத்த ரீஸ்டார்ட்டில் சரிசெய்ய அனுமதி கேட்கும். கொடுக்கலாம். ஆனால் அந்த ரீஸ்டார்ட்டின்போது மின்சாரம் நிலையாக இருக்க வேண்டும்.

ரேமையும் இங்கேயே பார்த்துவிடுவது நல்லது. ஸ்டார்ட் மெனுவில் மெமரி என்று தட்டினால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் வரும். ரீஸ்டார்ட் ஆகிச் சோதித்து, மறுபடி உள்ளே நுழைந்த பிறகு முடிவைச் சொல்லும். ஒரு பிழை காட்டினாலும் ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி சோதிக்க வேண்டும். மீண்டும் பிழை வந்தால் ரேமை மாற்ற வேண்டியதுதான்.

படி 3: டிஸ்ம்

இனிக் கட்டளை தட்டும் வேலை. கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருந்தாலும் தட்டும்போது ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும். தமிழ் விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாம். சாய்கோடு என்று வரும் இடமெல்லாம் கேள்விக்குறி இருக்கும் விசை. எண்டருக்கு அருகில் இருக்கும் எதிர்ப்பக்கச் சாய்கோடு அல்ல.

ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி என்ற மூன்று எழுத்தைத் தட்டினால் கமாண்ட் பிராம்ப்ட் வரும். அதை நேரடியாகத் திறக்கக் கூடாது. வலது கிளிக் செய்து ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்து, அனுமதி கேட்கும் திரையில் எஸ் சொல்ல வேண்டும். கருப்புத் திரை ஒன்று திறக்கும். வரியின் தொடக்கத்தில் சிஸ்டம்32 என்று முடியும் முகவரி தெரிந்தால் நிர்வாகி உரிமையோடு திறந்திருக்கிறது என்று அறியலாம். சாதாரணமாகத் திறந்திருந்தால் அங்கே பயனரின் பெயர் இருக்கும்; கட்டளையும் ஓடாது.

அங்கே தட்ட வேண்டியது நான்கு துண்டுகள். டி, ஐ, எஸ், எம் என்ற டிஸ்ம். ஓர் இடைவெளி. சாய்கோடு, ஒட்டி ஆன்லைன். ஓர் இடைவெளி. சாய்கோடு, ஒட்டி கிளீனப்-இமேஜ். நடுவில் சிறு கோடு உண்டு, இடைவெளி இல்லை. ஓர் இடைவெளி. சாய்கோடு, ஒட்டி ரிஸ்டோர்ஹெல்த். இரண்டு சொல்லும் சேர்ந்தே வரும். எண்டர்.

இணையம் இருக்க வேண்டும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டும் போதும். திரையில் ஒரு கோடு நகர்ந்து சதவீதம் ஏறும். 20 சதவீதத்திலோ 62 சதவீதத்திலோ வந்து வெகுநேரம் அசையாமல் நிற்பது சகஜம். கெட்டுவிட்டது என்று நினைத்து ஜன்னலை மூடக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க் உள்ள கணினியில் அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். முடிவில் ரிஸ்டோர் ஆபரேஷன் வெற்றிகரமாக முடிந்தது என்று ஆங்கிலத்தில் வந்தால் கையிருப்பு சரியாகிவிட்டது.

படி 4: ஃபைல் செக்கர்

அதே ஜன்னலில் எஸ், எஃப், சி. ஓர் இடைவெளி. சாய்கோடு, ஒட்டி ஸ்கேன்நவ். எண்டர். சோதனை தொடங்குகிறது, சற்று நேரமாகும் என்று ஒரு வரி வரும். அதன் கீழ் வெரிஃபிகேஷன் என்று சதவீதம் ஏறும். எஸ்எஸ்டி உள்ள கணினியில் சில நிமிடங்களில் முடியும். 100 ஆனதும் நான்கு செய்திகளில் ஒன்று வரும்.

முதலாவது, விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்பது. சிஸ்டம் கோப்புகள் நலம். கோளாறு வேறிடத்தில், பெரும்பாலும் டிரைவரிலோ தனி மென்பொருளிலோ இருக்கிறது.

இரண்டாவது, பழுதான கோப்புகள் கிடைத்தன, சரிசெய்யப்பட்டன என்பது. எல்லோரும் எதிர்பார்ப்பது இதைத்தான். ரீஸ்டார்ட் செய்துவிட்டு அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்ட வேண்டும். இப்போது முதல் செய்தி வந்தால் வேலை முடிந்தது. மறுபடி பழுது கிடைத்ததாகச் சொன்னால் டிஸ்க்கையும் ரேமையும் மீண்டும் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, பழுது கிடைத்தது, ஆனால் சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்பது. டிஸ்மை மறுபடி ஓட்டி, ரீஸ்டார்ட் செய்து, ஃபைல் செக்கரையும் மறுபடி ஓட்ட வேண்டும். அப்படியும் அதே செய்தி என்றால் படி 6க்குப் போகலாம்.

நான்காவது, கேட்ட வேலையைச் செய்ய முடியவில்லை என்பது. சேஃப் மோடில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒரு நீலப் பட்டியல் வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு எண் 4.

படி 5: கணினி திறக்கவே இல்லையென்றால்

விண்டோஸ் தொடங்குவது அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை தோற்றால் மீட்புத் திரை தானாக வரும். அதே நீலப் பட்டியல்தான். அதில் ஸ்டார்ட்டப் ரிப்பேரை முதலில் கொடுக்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகுதான் இந்த நிலை என்றால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கைகொடுக்கும். சிஸ்டம் ரிஸ்டோர் இயக்கத்தில் இருந்திருந்தால் பழைய தேதிக்குத் திரும்பலாம். படங்களும் ஆவணங்களும் போகாது, அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட மென்பொருள்கள் மட்டும் போகும்.

இந்த மீட்புத் திரையின் அருமையை உலகம் ஒரே நாளில் தெரிந்துகொண்டது. 2024 ஜூலை 19 அன்று, இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு கோப்பு விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. பாதிக்கப்பட்டவை சுமார் 85 லட்சம் என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சென்னை விமான நிலையத்திலும் விமானங்கள் தாமதமாயின. நாட்டின் பல விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தவறான கோப்பை நிறுவனம் ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குள் முடங்கிப்போனவற்றில் பலவற்றுக்கு யாராவது நேரில் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு கோப்பை நீக்க வேண்டியிருந்தது. பிட்லாக்கர் சாவி கைவசம் இல்லாத இடங்களில் வேலை இன்னும் இழுத்தது.

கிரவுட்ஸ்டிரைக்குடையது நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் தப்பின. ஆனால் அன்றைய சம்பவத்தில் வீட்டுக்காரருக்கும் பாடம் உண்டு. அங்கே கெட்டது மைக்ரோசாஃப்டின் கோப்பு அல்ல. டிஸ்மும் ஃபைல் செக்கரும் எத்தனை முறை ஓடியிருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்காது. விண்டோஸுக்குச் சொந்தமான கோப்புகளை மட்டும்தான் அவை அறியும். புதிதாகப் போட்ட ஆன்டிவைரஸோ பிரிண்டர் டிரைவரோ காரணமாக இருந்தால், சேஃப் மோடில் நுழைந்து அதை நீக்குவதுதான் வழி.

மீட்புத் திரையின் கமாண்ட் பிராம்ப்டிலிருந்தும் ஃபைல் செக்கரை ஓட்டலாம். ஆனால் அங்கே டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம்; சி என்று பழகியது டி ஆகத் தெரியலாம். டி, ஐ, ஆர், இடைவெளி, சி, முக்காற்புள்ளி என்று தட்டி, விண்டோஸ், யூசர்ஸ் ஃபோல்டர்கள் வருகின்றனவா என்று பார்த்து உறுதி செய்த பிறகு, ஸ்கேன்நவ் கட்டளையோடு இரண்டு துண்டுகள் சேர்க்க வேண்டும்: சாய்கோடு ஆஃப்பூட்டிர், சமக்குறி, சி, முக்காற்புள்ளி, எதிர்ப்பக்கச் சாய்கோடு; பிறகு இடைவெளி விட்டு, சாய்கோடு ஆஃப்விண்டிர், சமக்குறி, சி, முக்காற்புள்ளி, எதிர்ப்பக்கச் சாய்கோடு, விண்டோஸ். டிர் என்பது டி, ஐ, ஆர். முன்னால் வரும் ஆஃப், பூட், விண் சொற்களோடு இடைவெளியின்றி ஒட்டி வரும்.

படி 6: மேலே ஏற்றுவது, கடைசியாக ரீசெட்

இத்தனைக்கும் அசையாவிட்டால், இருக்கிற விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை ஏற்றலாம். மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென் டிரைவைத் தயார்செய்து, கணினி திறந்திருக்கும்போதே அதிலுள்ள செட்அப்பை ஓட்ட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் இடத்தில், கோப்புகளையும் மென்பொருள்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர வேண்டும். டாலியும் பிரிண்டரும் இருந்த இடத்தில் இருக்கும். சிஸ்டம் கோப்புகள் எல்லாம் புதிதாகும்.

இதற்கும் அடுத்தது ரீசெட் திஸ் பிசி. கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தால் சொந்தக் கோப்புகள் தங்கும், மென்பொருள்கள் போகும். கிளவுட் டவுன்லோட் என்ற வழிக்குச் சுமார் 4 ஜிபி டேட்டா செலவாகும் என்பதால், நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜில் இதைத் தொடங்கக் கூடாது. எல்லாவற்றையும் அழிக்கும் ஃபார்மட்டின் முறை இதற்கும் பிறகுதான்.

பழைய மடிக்கணினிகள்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் வழியாக வாங்கிக் கொடுக்கப்பட்ட தொடக்ககால மடிக்கணினிகளில் விண்டோஸ் 7-ஓடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பத்தாண்டு தாண்டிய அப்படிப்பட்ட கணினிகள் பல வீடுகளில் தம்பி தங்கைகளின் கைக்கு மாறியிருக்கின்றன. விண்டோஸ் 7இல் ஃபைல் செக்கர் ஓடும், ஆனால் டிஸ்மின் ரிஸ்டோர்ஹெல்த் கிடையாது. அது விண்டோஸ் 8இல்தான் வந்தது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இல் முடிந்தும்விட்டது. இவற்றில் படி 2தான் முக்கியம். சுழலும் ஹார்டு டிஸ்க் இத்தனை ஆண்டு தாங்கியதே பெரிது. அதை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால், பாடம் படிக்கவும் விண்ணப்பம் நிரப்பவும் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14உடன் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. மேலே சொன்ன கருவிகள் அதில் தொடர்ந்து வேலை செய்யும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து.

செய்யக் கூடாதவை

டிஎல்எல் காணவில்லை என்று வந்ததும் இணையத்தில் தேடி அந்த ஒரு கோப்பை மட்டும் இறக்கிப் போடக் கூடாது. யார் கொடுத்த கோப்பு என்று தெரியாது. ஒரே கிளிக்கில் எல்லாப் பழுதையும் நீக்குவதாகச் சொல்லும் கட்டண மென்பொருளும் வேண்டாம்.

"உங்கள் சிஸ்டம் கோப்புகள் கெட்டுவிட்டன, இந்த எண்ணை அழையுங்கள்" என்று அலறும் திரை மோசடி. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் ஒருபோதும் இருக்காது. அழைத்தால், எனிடெஸ்க் போன்ற மென்பொருளைப் போடச் சொல்லிக் கணினியைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து வங்கிக் கணக்கைக் காலி செய்வார்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

கம்பெனி கொடுத்த மடிக்கணினியில் இந்த அத்தியாயத்தின் எந்தப் படியையும் செய்யக் கூடாது. அது அந்த நிறுவனத்தின் ஐ.டி. பிரிவு பார்க்க வேண்டியது.

மறுபடி வராமல் இருக்க

டெஸ்க்டாப் கணினிக்கு 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருந்தால், மின்சாரம் போனபின் சேமித்து அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரை மட்டும் நம்பினால் மின்சாரம் மாறும் கணத்தில் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோடு இருந்தால் அதைப் போட்டு வைக்க வேண்டும். வானம் இருட்டும் மாலையில் அப்டேட் தொடங்கவே வேண்டாம். செட்டிங்ஸில் ஒரு வாரத்துக்கு அதைத் தள்ளி வைக்கலாம். மடிக்கணினியில் பேட்டரி செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

கடைக்குப் போவதென்றால்

டிஸ்க் சிவப்பு காட்டினாலோ, ஆறு படிகளும் தோற்றாலோ, கடைதான் வழி. அங்கே வெறுமனே "ஓடலண்ணா" என்று சொல்வதைவிட, எந்தெந்தப் படி செய்தாயிற்று, என்ன செய்தி வந்தது என்று சொல்லி, கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டினால் அவருக்கும் வேலை எளிது. டேட்டா ஏற்கெனவே எடுத்தாயிற்றா இல்லையா என்பதைத் தாளில் எழுதிக் கணினியின் மேலேயே ஒட்டிக் கொடுக்கலாம். மடிக்கணினியோடு வந்த அசல் விண்டோஸையே ஏற்றித் தரும்படி கேட்க வேண்டும். அதன் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை ஏற்றினால் தனியாகச் சாவி வாங்க வேண்டியிருக்காது. புதிய எஸ்எஸ்டி போட்டால் பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். யுஎஸ்பி உறையில் போட்டுத் திறந்து பார்த்து, தேவையானவை எல்லாம் புதியதில் சேர்ந்துவிட்டன என்று உறுதி செய்த பிறகே அதை அழிக்கலாம்.